நங்கூரம் என்ற பையனைத் தேடுவது எப்படி

சூப்பர் ஹீரோ படத்துக்கு ஒரு பையன் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். நடிகர்களை அனுப்பிவைக்கும் கோ-ஆர்டினேட்டர் உடனே கேட்பார்: "பல்டி அடிக்கத் தெரியணுமா? சிலம்பம் சுத்துற பையன் ஒருத்தன் இருக்கான், அனுப்பவா?" பல்டி அடிக்க டூப் இருக்கிறார். ரோப் இருக்கிறது, ஃபைட் மாஸ்டர் இருக்கிறார், அதற்கும் மேல் கம்ப்யூட்டர் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் மாட்டிக்கொள்ளாமல் பொய் சொல்லத் தெரிந்த பையன் இருக்கிறானா?

கிண்டலுக்குச் சொல்லவில்லை. சூப்பர் ஹீரோ என்றால் முதலில் ரகசியம் வைத்திருப்பவன். உடை, முகமூடி எல்லாம் அதற்கு அப்புறம். படத்தில் சண்டை அரை மணி நேரம் வந்தால் அதிகம். மீதி நேரமெல்லாம் அவன் யாரிடமாவது எதையாவது மறைத்துக்கொண்டே இருப்பான். அவன் மறைப்பது தியேட்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வேண்டும், பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்குத் தெரியக் கூடாது. அந்த முகத்தைத்தான் தேடுகிறோம்.

நடிகர் தேர்வு வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பழக்குவதற்காக ஒரு கற்பனைப் படத்தைக் கையில் வைத்திருக்கிறேன். எடுக்கப்போகிற படம் இல்லை, பயிற்சிக்கு. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தெருவில் பதின்மூன்று வயதுப் பையன். அம்மா விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து அன்னக்கூடையில் வைத்து விற்பவர். பையனுக்கு இருக்கிற சக்தி ஒன்றே ஒன்று: நினைத்தால் அவன் உடம்பு கனத்துவிடும். நாலு பேர் சேர்ந்து தூக்கினாலும் அசைய மாட்டான், லாரி இடித்தால் லாரிதான் நிற்கும். பறக்க மாட்டான், கண்ணில் நெருப்பு வராது. கூட்டாளிகள் வைத்த பெயர் நங்கூரம். சிக்கல் என்னவென்றால், பயந்தால் அவன் நினைக்காமலேயே கனம் ஏறிவிடும். மீனவக் குடும்பத்துப் பையன், ஆனால் படகில் ஏற முடியாது. ஏறிப் பயந்தால் படகு முழுகிவிடும். ஏன் கடலுக்குப் போக மாட்டேன் என்கிறான் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

இதற்கு ஆள் தேடுவோம்.

முதலில் ஒரு பக்கத்துக்கு மேல் போகாத ஒரு குறிப்பு எழுதுங்கள். பெரும்பாலான குறிப்புகளில் "துறுதுறுன்னு இருக்கணும், க்யூட்டா இருக்கணும், கொஞ்சம் கலரா இருந்தா நல்லது" என்று இருக்கும். இதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விளம்பரத்தில் பிஸ்கட் கடித்த பையனைக் கூட்டிவந்து, முகத்தில் கருப்பு பூசி, சட்டையைக் கிழித்துக் காசிமேட்டில் நிறுத்துவது நம் ஊரில் காலங்காலமாக நடக்கிறது. காக்கா முட்டை படத்தில் அதற்கு முன் நடித்துப் பழக்கமில்லாத இரண்டு பையன்களை நிறுத்தினார்கள். சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது அந்த இரண்டு பேருக்கும் போனது. எனவே குறிப்பில் நிறத்தை எழுதாதீர்கள். அவன் செய்ய வேண்டியவற்றை எழுதுங்கள். நங்கூரத்துக்கு நான் எழுதியது இது: அம்மாவிடம் பொய் சொல்வான், பொய் சொல்லும்போது வேலை செய்துகொண்டே இருப்பான். பயத்தைக் காலில் காட்டுவான், முகத்தில் காட்ட மாட்டான். தண்ணீரைப் பார்க்கும் பார்வையில் ஆசை இருக்கும். சென்னைத் தமிழ் வாயில் ஊறியிருக்க வேண்டும், சொல்லிக்கொடுத்து வந்ததாக இருக்கக் கூடாது.

நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். தண்ணீர் வரும் படத்தில் இதற்கு விதிவிலக்கே கிடையாது.

அடுத்தது வயது. கதையில் பதின்மூன்று என்றால் நடிப்பவனுக்கும் பதின்மூன்று இருக்க வேண்டுமா? உலகம் முழுக்க இதில் இரண்டு வழி உண்டு. பதினைந்து வயது ஸ்பைடர்மேனுக்கு மார்வெல் 2015இல் எடுத்த டாம் ஹாலண்டுக்கு அப்போது பத்தொன்பது. லண்டன் மேடையில் பில்லி எலியட் இசை நாடகத்தில் ஆடிப் பழகிய உடம்பு, சின்ன முகம். பதினெட்டு முடிந்தவர் என்றால் இரவு ஷூட்டிங், நீண்ட நாள் கால்ஷீட், ரோப், எதிலும் குழந்தைகளுக்கான கட்டுப்பாடு கிடையாது. தயாரிப்பாளருக்கு நிம்மதி. பதினைந்து, பதினாறு வயதுப் பாத்திரத்துக்கு இது ஓடும். பதின்மூன்றுக்கு ஓடாது. பதின்மூன்று வயதுப் பையனின் தோளும் மணிக்கட்டும் வேறு. எவ்வளவு மழித்தாலும் பத்தொன்பது வயதுத் தாடை தெரிந்துவிடும். அம்மா பக்கத்தில் நிற்கும்போது அண்ணன் மாதிரி இருப்பான். நங்கூரத்துக்கு நிஜமாகவே பன்னிரண்டிலிருந்து பதினான்குக்குள் இருக்கிற பையன்தான் வேண்டும்.

அதிலும் எட்டாவது படிக்கிற பையன் கிடைத்தால் நல்லது. ஒன்பதாவது பரவாயில்லை. பத்தாவது போகப்போகிற பையனை எடுக்காதீர்கள். எவ்வளவு நன்றாக நடித்தாலும் சரி. கிராஃபிக்ஸ் உள்ள படம் சொன்ன தேதியில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. மார்ச் மாதம் பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு விட்டுப்போன ஷாட்களை எடுக்கும் பேட்ச் ஒர்க்குக்கு வா என்று கூப்பிட நமக்கு வாய் வரக் கூடாது.

எங்கே தேடுவது? சாலிகிராமம், வடபழனிப் பக்கம் குழந்தை நட்சத்திரங்களை அனுப்பும் கோ-ஆர்டினேட்டர்களிடம் சொல்லி வையுங்கள், தப்பில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடும் பையன்கள் இருக்கிறார்கள், வடசென்னை முழுக்க பாக்ஸிங் பழகும் கூடங்களும் கேரம் கிளப்புகளும் இருக்கின்றன. எனக்குக் கேரம் கிளப் பிடிக்கும். அங்கே பையன்கள் நாம் வந்திருப்பதையே கவனிக்க மாட்டார்கள். ஸ்ட்ரைக்கரை வைத்துவிட்டு, எந்தக் காயை அடிக்கப்போகிறோம் என்பதை எதிராளிக்குக் காட்டாமல் கண்ணை வேறு பக்கம் வைத்திருப்பான் பாருங்கள், அவன் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் என்றால் தலைமையாசிரியரிடம் முதலில் கடிதம், அப்புறம்தான் வகுப்பு. ஆண்டுவிழாவில் பேசுகிற பையனை ஆசிரியர்களே முன்னால் தள்ளுவார்கள். அவனைப் பார்த்துக்கொள்ளலாம், அதோடு கடைசி பெஞ்சில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பவனையும் கூப்பிடுங்கள்.

ரீல்ஸ் செய்யும் பிள்ளைகளை நான் ஒதுக்குவதில்லை. கேமரா பயம் போயிருக்கும், அது பெரிய விஷயம். ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு புருவம் தூக்கிப் பழகியிருப்பார்கள். பேசாமல் மூன்று நிமிஷம் ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள், பூண்டு உரிப்பது மாதிரி. இரண்டாவது நிமிஷத்தில் புருவம் ஓய்ந்துவிட்டால் உள்ளே ஒரு நடிகன் இருக்கிறான்.

அறிவிப்பு போடுவதாக இருந்தால் "கட்டணம் எதுவும் இல்லை" என்ற வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். தேர்வுக்குப் பணம், போர்ட்ஃபோலியோவுக்குப் பணம் என்று வாங்கி ஏமாற்றுபவர்கள் நிறைய. இதைப் படிக்கும் பெற்றோர் யாராவது இருந்தால், பணம் கேட்ட இடத்திலிருந்து அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

தேர்வு அறைக்கு வருவோம். அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். கதவு திறந்தே இருக்கட்டும், அல்லது கண்ணாடிக் கதவாக இருக்கட்டும். கூட வந்தவர் வெளியே உட்கார்ந்து பார்க்கும்படி. பெற்றவர் உள்ளே இருந்தால் பிள்ளை அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடிப்பான், கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருந்தால் பதறுவான். கண்ணுக்குத் தெரிய வேண்டும், காதுக்குக் கேட்கக் கூடாது. வசனத் தாளை முன்கூட்டியே அனுப்பாதீர்கள். அனுப்பினால் வீட்டில் சித்தப்பா ஒருவர் உட்கார்ந்து ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொடுத்திருப்பார். அதை உரிக்கவே அரை நாள் போய்விடும்.

நான் செய்யும் முதல் சோதனைக்குப் பத்து ரூபாய் நாணயம் போதும். பையன் கையில் நாணயத்தைக் கொடுத்து, "இது அம்மாவுக்குத் தெரியக் கூடாதுடா கண்ணா, அவ்வளவுதான் கதை" என்று சொல்வேன். அம்மாவாக என் உதவியாளர் தரையில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருப்பார். ஸ்கூலில் என்ன நடந்தது, டியூஷன் போனியா, ஏன் லேட்டு என்று சாதாரணமாகக் கேட்பார். கேமரா பையன் மேல்.

பாதிப் பேர் மூடிய கையைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். சிலர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போலீஸ்காரர் மாதிரி நிற்பார்கள். சிலர் நம்மைப் பார்த்து இளிப்பார்கள். இதெல்லாம் பரவாயில்லை, முதல் தடவை அப்படித்தான். இரண்டு நிமிஷம் கழித்து அம்மா ஒரு கயிற்றை நீட்டி, "இந்த முடிச்சை அவுத்துக் குடு" என்பார். முடிச்சை அவிழ்க்க இரண்டு கையும் வேண்டும். இங்கேதான் நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். ஒரு பையன் பேச்சை நிறுத்தாமலேயே கன்னத்தைச் சொறிவது போல நாணயத்தை வாய்க்குள் போட்டுக்கொண்டான். அதற்கப்புறம் பேச முடியவில்லை. "என்னடா, வாய்ல கொழுக்கட்டையா?" என்று அம்மா கேட்க, கடைவாயைத் தொட்டுக் காட்டினான், பல் வலியாம். இன்னொருவன், "கை ஒரே கவுச்சியா இருக்கும்மா, கழுவிட்டு வரேன்" என்று எழுந்து ஃப்ரேமை விட்டே போய்விட்டான், திரும்பி வரும்போது இரண்டு கையும் காலி, முகத்தில் ஒன்றுமே இல்லை. நாணயம் எங்கே என்று எங்களுக்கே தெரியாது. சட்டைப் பையில் தேடினோம், இல்லை, செருப்புக்குள் வைத்திருந்தான். இந்த மாதிரிப் பையனிடம் வசனம் வாசிக்கச் சொல்ல அவசரமே வேண்டாம். (வாயில் நாணயம் போட்டதைப் பார்த்தபின் நாங்கள் பெரிய பட்டனுக்கு மாறிவிட்டோம். தொண்டையில் சிக்கினால் நடிப்பாவது மண்ணாவது. வாயில் போடக் கூடாது என்று இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.)

இரண்டாவது சோதனை கனத்துக்கு. இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு. ஒன்று காலி, இன்னொன்றில் ஐந்து லிட்டர். நிறைத்து வைக்காதீர்கள், வளரும் பிள்ளையின் முதுகு அது. ஐந்து லிட்டர் உள்ளதைத் தூக்கி நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். அப்புறம் காலிக் கேனை அதே மாதிரி தூக்கி வரச் சொல்லுங்கள். பல்லைக் கடித்து, "உஸ்... ஆஸ்" என்று சத்தம் போட்டு வருகிறவன் முகத்தால் தூக்குகிறான். உண்மையான கனத்தில் முகம் பெரிதாக மாறாது. கேன் பிடிக்காத கை தானாக வெளியே விலகும், அடி சின்னதாகும், கீழே வைக்கும்போது முழங்கால் முதலில் மடங்கும். இதைக் கவனித்து வைத்துக்கொண்டு காலிக் கேனில் திரும்பச் செய்கிற பையன் கிடைத்தால், கிராஃபிக்ஸ் செலவில் ஒரு பங்கு மிச்சம் என்று தயாரிப்பாளரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

கனம் என்பது பாதி அவனிடம் இருக்கிறது, மீதி அவனைத் தள்ளுகிறவனிடம் இருக்கிறது. நங்கூரம் சும்மா நிற்பான்; தள்ளுகிறவன் கால் சறுக்க வேண்டும், தோள் நோக வேண்டும், கடைசியில் முகத்தில் குழப்பம் வர வேண்டும். அதனால் கடைசிச் சுற்றில் பையன்களை ஜோடியாகக் கூப்பிடுங்கள். ஒருவனை நிற்கவிட்டு மற்றவனைத் தள்ளச் சொல்லுங்கள், அப்புறம் மாற்றுங்கள். நன்றாகத் தள்ளுகிறவனுக்குக் கூட்டாளி வேஷம். சில நேரம், ஹீரோவாக வந்தவன் கூட்டாளியாகவும் கூட்டாளியாக வந்தவன் ஹீரோவாகவும் மாறிப்போவது இந்த இடத்தில்தான். நிற்கிறவனிடம் பார்க்க வேண்டியது ஒன்று: எதிர்த்துத் தள்ளக் கூடாது. தசையை இறுக்கிப் பல்லைக் கடித்தால் அது பலம். அவனுக்கு இருப்பது பலம் இல்லை, கனம். உடம்பு தளர்வாக, பார்வை கொஞ்சம் சங்கடமாக, "விட்டுருடா, நகர மாட்டேன்" என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி நிற்க வேண்டும்.

அழும் காட்சிக்கு ஒரு வார்த்தை. "உங்க அம்மா செத்துட்டதா நெனச்சுக்கோ" என்று குழந்தையிடம் சொல்லி அழவைக்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்கிறவரை அறையை விட்டு அனுப்புங்கள், அவர் டைரக்டராகவே இருந்தாலும். நங்கூரம் அழவே வேண்டாம். அழுகையை அடக்குகிற பையனைப் பார்த்தால் நமக்கு அழுகை வரும். மூச்சை இழுத்து நிறுத்தி, எச்சில் விழுங்கி, பேச்சை மாற்றச் சொல்லிக்கொடுங்கள், போதும். ரோப்பில் கட்டித் தூக்குவதையும் தேர்வில் செய்து பார்க்காதீர்கள். அதற்கு ஃபைட் மாஸ்டர், மெத்தை, ஒத்திகை எல்லாம் வந்தபிறகு நேரம் இருக்கிறது. உயரத்துக்குப் பயமா என்று கேளுங்கள், மாடிப்படியில் கூட ஏறி இறங்கிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இரண்டு மூன்று பேர் மிஞ்சியதும் சட்டக் கணக்கைப் போட வேண்டும். இதைத் தேர்வு முடிந்தபின் மேனேஜர் பார்த்துக்கொள்வார் என்று விடுகிறார்கள். தேர்வே இதைப் பொறுத்து மாறும். பதினான்கு வயது முடியாதவர் சட்டப்படி குழந்தை. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தது, 2016இல் திருத்தினார்கள், 2017இல் விதிகளையும் மாற்றினார்கள். அதன்படி குழந்தை நட்சத்திரம் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. ஷூட்டிங் நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் உறுதிமொழி கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அந்த உறுதிமொழி ஆறு மாதம்தான் செல்லும். ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். குழந்தையின் சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அவன் பெயரில் நிரந்தர வைப்பாகப் போக வேண்டும். இது நம் ஊரில் மட்டும் வந்த கவலை இல்லை. சாப்ளினோடு 1921இல் வந்த 'தி கிட்' படத்தில் நடித்த குழந்தை நட்சத்திரம் ஜாக்கி கூகன் சம்பாதித்ததையெல்லாம் பெரியவனாகித் தேடியபோது, பெரும்பகுதியை வீட்டார் செலவழித்திருந்தார்கள். அவர் வீட்டார் மேல் போட்ட வழக்குக்குப் பின் கலிஃபோர்னியா 1939இல் சட்டமே போட்டது.

ஐந்து மணி நேரத்தில் என்ன எடுக்க முடியும் என்று இப்போது யோசியுங்கள். முதுகு தெரியும் ஷாட், தூரத்து ஷாட், மழையில் நிற்கும் ஷாட் எல்லாவற்றையும் உயரம் ஒத்துப்போகிற டூப் செய்யட்டும். அப்படியானால் பொதுவான உடல்வாகு உள்ள பையன் வசதி. மிக ஒல்லியாகவோ மிகக் குள்ளமாகவோ இருந்தால் டூப் கிடைப்பது கஷ்டம். சமமாக நடிக்கும் இரண்டு பேரில் ஒருவரை எடுக்க இந்தக் காரணம் போதும்.

அப்புறம் வளர்ச்சி. பையன்கள் சட்டென்று உயர்கிற வயது இது, ஒரே வருஷத்தில் எட்டு பத்து சென்டிமீட்டர் ஏறிவிடும். அப்பாவின் உயரத்தைப் பாருங்கள், அண்ணன் இருந்தால் அவன் எந்த வயதில் உயர்ந்தான் என்று அம்மாவிடம் கேளுங்கள், அவர்களுக்குத் துல்லியமாக ஞாபகம் இருக்கும். காஸ்ட்யூமரிடம் தையலில் நிறையத் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். குரல் இன்னும் பெரிய தொல்லை. ஷூட்டிங்கில் கீச்சுக் குரலில் பேசியவன் டப்பிங்குக்கு வரும்போது உடைந்த குரலில் வருவான். முன்பெல்லாம் பையன் குரலுக்குப் பெண் டப்பிங் கலைஞரை வைத்துச் சமாளித்தார்கள். இந்தப் பையனின் சென்னைத் தமிழுக்காகவே எடுத்துவிட்டு அப்படிச் செய்தால் எடுத்ததே வீண். ஷூட்டிங்கிலேயே குரலையும் பதிவு செய்யும் சிங்க் சவுண்டில் எடுக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு ஷெட்யூல் முடிந்த வாரமே டப்பிங் பேசவைத்துவிடுங்கள். தேர்வின்போதே குரல் கரகரக்கிற பையன் என்றால் யோசிக்க வேண்டியதுதான்.

முடிவெடுக்கும் முன் பையனிடம் தனியாகக் கேளுங்கள்: "உனக்கு இது பண்ணணுமா?" அப்பா ஆசைப்பட்டு வந்தவன் "ஆமாக்கா" என்று வேகமாகச் சொல்வான். "எவ்ளோ நாள்? மேட்ச் இருக்கே?" என்று கேட்கிறவன் உண்மையாக யோசிக்கிறான், அவனை நம்பலாம். விருப்பமில்லாத குழந்தையை நடிக்கவைக்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும், இஷ்டமில்லாத முகத்தைக் கேமரா மன்னிக்காது.

கிடைக்காத பிள்ளைகளுக்கு அன்றைக்கே ஃபோன் செய்யுங்கள், பெற்றவரிடம் மட்டும் சொல்லாமல் பிள்ளையிடமும் பேசுங்கள். "நல்லா பண்ணினே, இந்தக் கதைக்கு வேற மாதிரி தேடுறோம்" என்று நேராகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். "பாத்துட்டு சொல்றோம்" என்று தொங்கவிட்டால் மாதக்கணக்கில் ஃபோன் மணியையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டாவதாக வந்தவனிடம் மட்டும், நீ இரண்டாவது, முதல் பையனுக்கு முடியாமல் போனால் கூப்பிடுவோம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லி வையுங்கள்.

தேர்வானவனின் வீட்டுக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும். முடி வெட்டாதீர்கள். முதல் ஷெட்யூல் தொடங்கும்வரை ஊரெல்லாம் சொல்லாதீர்கள். மூன்றாவதுதான் முக்கியம்: நல்லது செய்வதாக நினைத்து அவனை நடிப்பு வகுப்பில் சேர்த்துவிடாதீர்கள். கேரம் கிளப்புக்குப் போகிறவன் போய்க்கொண்டே இருக்கட்டும், ஸ்கூலுக்கு மட்டம் போடாமல்.